அல்ஜீப்ராவா, புளூயிட் டைனமிக்ஸா, டேட்டா சயன்ஸா?

கேள்வி: வணக்கம் சேர். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் சிறப்புப் பட்டம் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் அல்லது பிஎச்.டி. செய்ய ஆசை. எனக்குப் பிடித்தது அல்ஜீப்ரா, அதிலும் கல்வா கோட்பாடு. ஆனால் கூடப் புள்ளி வந்திருப்பது புள்ளிவிபரவியலில். இறுதியாண்டு ஆய்வுக்கு புளூயிட் டைனமிக்ஸ் செய்யும் விரிவுரையாளர் ஒருவர் என்னை எடுக்கத் தயாராக இருக்கிறார். அல்ஜீப்ரா படிப்பித்தவர் லீவில் வெளிநாடு போகிறார். 'அல்ஜீப்ரா படிச்சு என்ன வேலை எடுக்கிறது?' என்று அப்பா கேட்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் மாமா டேட்டா சயன்ஸ், ஏஐ என்று தினமும் வட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறார். நான் எதை எடுப்பது? எடுத்த பிறகு மாறலாமா? டொப்பொலொஜியில் எனக்கு சி. அது பாதிக்குமா?
கரவெட்டி மாணவி

பதில்:

அன்பான பிள்ளை,

மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், பலர் மாறுகிறார்கள். அதுமட்டுமல்ல, எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, இப்போது எதையும் தெரிவு செய்ய வேண்டிய தேவையே இல்லாமலும் போகலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் நாலு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரே பிஎச்.டி.க்கு எடுப்பார்கள். பொதுவாக உங்களை எடுப்பது துறைதான், தனி ஒரு பேராசிரியர் இல்லை. முதல் ஒன்றிரண்டு வருடம் பாடங்கள். அல்ஜீப்ரா, அனலிசிஸ், டொப்பொலொஜி போன்றவற்றில் தகுதிப் பரீட்சை எழுதித் தேறிய பிறகுதான் மேற்பார்வையாளரைப் பிடிப்பார்கள். விண்ணப்பத்தில் 'எனக்கு எண் கோட்பாட்டில் நாட்டம்' என்று எழுதிவிட்டுப் போய் வகையீட்டுச் சமன்பாட்டில் பட்டம் எடுத்தால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. பிரித்தானியாவில் கதை வேறு. அங்கே பிஎச்.டி. மூன்று, நாலு வருடத்தில் முடியும். யாரோடு, எதில் என்பதைப் பெரும்பாலும் விண்ணப்பத்திலேயே சொல்லவேண்டும். ஆகவே எங்கள் பிள்ளைகள் ஒரு மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு அதற்குப் போவதுதான் நல்லது. ஜேர்மனியில் மாஸ்டர்ஸ் இரண்டு வருடம். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை, ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவுக்கென்று ஏறக்குறைய 12,000 யூரோவை ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும். அப்பாவோடு கதைக்கும்போது இந்தத் தொகையை மறைக்காதீர்கள். கனடாவில் பல துறைகள் ஆய்வு மாஸ்டர்ஸுக்கே உதவித்தொகையோடு எடுக்கின்றன. லிங்க் அனுப்புகிற நேரத்தில் இதைக் கொஞ்சம் விசாரித்துச் சொல்லும்படி மாமாவிடம் கேளுங்கள்.

இன்னொரு வழி இருக்கிறது, எங்கள் மாணவர்கள் அதை ஏன் இவ்வளவு குறைவாக யோசிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்குவதில்லை. இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய சர்வதேச கோட்பாட்டு இயற்பியல் நிலையம் இருக்கிறது. பெயரில் இயற்பியல் இருந்தாலும் அங்கே கணிதப் பிரிவும் உண்டு. எங்களைப் போன்ற வளர்முக நாட்டு மாணவர்களுக்காக ஒரு வருட டிப்ளோமா நடத்துகிறார்கள், முழுச் செலவும் அவர்களுடையது. அந்த ஒரு வருடத்தில் அடிப்படைகளை உயர்ந்த தரத்தில் படித்து முடிக்கிறவர்களுக்கு, எந்தக் கிளை தனக்குச் சரிவரும் என்பது தானாகவே தெரிந்துவிடும். தூய கணிதம் பிடித்த, ஆனால் இன்னும் முடிவெடுக்காத உங்களைப் போன்ற ஒருவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இனி, எதை எடுப்பது என்ற கேள்வி. கிளைகளின் பெயரை வைத்துக்கொண்டு யோசித்தால் தலைசுற்றுத்தான் மிஞ்சும். ஆய்வுக் கட்டுரைகளை வகைப்படுத்த உலகம் முழுவதும் பாவிக்கும் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் மேல்மட்டத் தலைப்புகளே 63. பெயரை விடுங்கள். அந்தக் கிளைக்காரர் காலையில் மேசையில் இருந்து என்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள்.

நிலாவரைக் கிணற்றை எடுப்போம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நீங்களும் போய் எட்டிப் பார்த்திருப்பீர்கள். மேலே நன்னீர், ஆழம் போகப்போக உப்பு. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீருடையது ஏறக்குறைய 1.025. இரண்டு பக்க அமுக்கத்தையும் சமப்படுத்திப் பாருங்கள்: நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால், கீழே நாற்பது மீற்றருக்கு நன்னீர் நிற்கும். 1ஐ 0.025ஆல் வகுத்தால் 40, அவ்வளவுதான். கைபன்–ஹெர்ஸ்பேர்க் விதி என்பார்கள். மோட்டர் போட்டு நீர்மட்டத்தை அரை மீற்றர் இறக்கினால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது எல்லாம் அசையாமல் நிற்கும் நிலைக்கான கணக்கு. நீர் ஓடத் தொடங்கினால் உப்புக்கும் நன்னீருக்கும் இடையிலான எல்லையும் சேர்ந்து அசையும், அங்கேதான் கணிதம் தொடங்குகிறது.

இந்தக் கிணற்றடிக்கு நாலு கணிதக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதலாமவர் மாதிரியமைப்பவர், உங்கள் புளூயிட் டைனமிக்ஸ் ஆசிரியரின் சாதி. 1856இல் டார்சி கண்டுபிடித்த, நுண்துளைகளுக்குள்ளால் நீர் ஓடும் விதியை எழுதுவார். உடனே சந்தேகப்படவும் தொடங்குவார்: எங்கள் சுண்ணாம்புக்கல்லில் குகைகள், வெடிப்புகள், அங்கே டார்சி விதி பொருந்துமா? எல்லையைக் கத்தியால் வெட்டியதுபோல எடுக்கலாமா, கலங்கிய பட்டையாக எடுக்கவேண்டுமா? எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதுதான் அவருடைய திறமை. அதற்கு இயற்பியல் உணர்வு வேண்டும், நிறுவல் எழுதும் கை மட்டும் காணாது.

இரண்டாமவர் அனலிசிஸ்காரர். எல்லை எங்கே இருக்கிறது என்பதே தெரியாத ஒரு சமன்பாட்டுக்குத் தீர்வு இருக்கிறதா, ஒன்றுதான் இருக்கிறதா, அந்த எல்லை எவ்வளவு ஒப்பரவானது என்று கேட்பார். அணைக்கட்டுக்குள்ளால் நீர் கசியும் இதே சாதிப் பிரச்சினையை 1970களின் தொடக்கத்தில் பையோக்கி என்ற இத்தாலியர் ஒரு அழகான வித்தையால் மடக்கினார்: தெரியாத சார்பைத் தொகையிட்டு வேறொரு சார்பாக மாற்றினார், அசையும் எல்லை மறைந்து ஒரு சமனிலி மட்டும் மிஞ்சியது. அனலிசிஸ்காரருக்கு இந்த வித்தை தெரிந்தால் போதும், கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்க்கவேண்டும் என்ற அவசியம் இல்லை.

மூன்றாமவர் எண்சார் கணிதக்காரர். பிரதேசத்தைச் சின்னச்சின்ன முக்கோணங்களாகப் பிரிப்பார், முக்கோணம் சிறுக்கச் சிறுக்க வழு எந்த வேகத்தில் குறையும் என்று நிறுவுவார், பிறகு ஒரு கிழமை முழுவதும் புரோகிராமில் எங்கே சக குறி சய குறியாக மாறியது என்று தேடுவார். நாலாமவர் புள்ளிவிபரவியலாளர். அவருக்குக் கிடைப்பது ஊரெல்லாம் சிதறிய சில கிணறுகளின் அளவீடு, அதிலும் சில மாரியில் எடுத்தவை, சில கோடையில் எடுத்தவை, சில வீட்டுக்காரர் படலையே திறக்கவில்லை. அளக்காத கிணற்றைப் பற்றி என்ன சொல்லலாம், எவ்வளவு நிச்சயத்தோடு சொல்லலாம்? நாலிலும் கஷ்டமான கேள்வி இதுவாகக்கூட இருக்கலாம். புள்ளிவிபரவியலை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கும் பழக்கம் கணிதத் துறைகளில் உண்டு. அது வெறும் திமிர். உங்களுக்கு அதில் உண்மையில் விருப்பம் இருந்தால் கூச்சப்படாமல் எடுங்கள்.

அல்ஜீப்ராக்காரரும் கூட வந்திருந்தால் தெருவோரக் கடையில் சோடா குடித்துக்கொண்டு நின்றிருப்பார். இந்தக் கிணற்றில் அவருக்குப் பெரிதாக வேலையில்லை. அவருடைய மேசையில் இருப்பது இப்படியான ஒன்று:

ய⁵ − ய − 1 = 0

குணகங்களை 5ஆல் வகுத்த மிச்சமாக மட்டும் பாருங்கள். இடப்பக்கம் உடையாது. 2ஆல் வகுத்த மிச்சமாகப் பாருங்கள், (ய² + ய + 1)(ய³ + ய² + 1) என்று உடைகிறது. முதலாவது, ஐந்து மூலங்களையும் ஒரே வட்டமாகச் சுற்றும் ஓர் உறுப்பு கல்வா குரூப்பில், அதாவது மூலங்களுக்கிடையே அனுமதிக்கப்பட்ட வரிசைமாற்றங்களின் தொகுதியில், இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது, இரண்டு மூலங்களை இடம்மாற்றி மற்ற மூன்றையும் சுற்றும் உறுப்பு ஒன்று இருக்கிறது என்கிறது. அதை மூன்று தரம் செய்தால் மூன்றின் சுற்று பழைய இடத்துக்கு வந்துவிடும், இரண்டின் இடமாற்றம் மட்டும் மிஞ்சும். ஐந்தின் வட்டம் ஒன்றும் ஓர் இடமாற்றமும் கையில் இருந்தால் 120 வரிசைமாற்றங்களையும் செய்துவிடலாம். 120உம் இருக்கும் குரூப்பைப் படிப்படியாகச் சின்னத் துண்டுகளாக உடைக்க முடியாது என்பது கல்வா கோட்பாடு, ஆகவே இந்தச் சமன்பாட்டின் மூலங்களை நாலு கணிதச் செய்கைகளாலும் √ போன்ற மூலக்குறிகளாலும் எழுதவே முடியாது.

இப்போது உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பெருக்கலைச் சரிபார்க்க ஒரு துண்டுக் கடதாசி எடுத்தீர்களா? அல்லது 'ஓம், ஓம், தெரியும்' என்று கடந்து, உப்பு எவ்வளவு ஏறும் என்ற கணக்குக்குத் திரும்பிப் போனீர்களா? உங்கள் புள்ளிப் பட்டியலைவிட இந்தப் பதிலில்தான் எனக்கு நம்பிக்கை.

புள்ளிகளைப் பற்றி ஒன்று. உயர்தரத்திலிருந்தே எங்கள் பிள்ளைகள் பாஸ்ட் பேப்பரில் வளர்கிறவர்கள். மூன்று மணித்தியாலத்தில், பழகிய கேள்வியை, பிழையில்லாமல், கெதியாகச் செய்வது ஒரு திறமை, நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. புள்ளிவிபரவியல் வினாத்தாள்கள் அந்தத் திறமைக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். கல்வா கோட்பாடு வளையாது. ஆனால் ஆய்வில் ஒரே கேள்வியோடு மாதக்கணக்கில் மாட்டுப்பட்டு நிற்கவேண்டும், அதுவும் விடை இருக்கிறதா என்றே தெரியாமல். ஆகவே நான் பார்க்கச் சொல்வது இது: மாட்டுப்பட்ட பிறகும் எந்தப் பாடத்துக்குத் திரும்பிப் போகிறீர்கள்? வரும் விடுமுறையில் இரண்டு பாடங்களை எடுங்கள், ஒன்று கொமியூட்டேட்டிவ் அல்ஜீப்ரா, மற்றது மெஷர் தியரியை அடிப்படையாகக் கொண்ட நிகழ்தகவு. இரண்டிலும் பட்டமேற்படிப்புத் தரத்தில் முதல் அத்தியாயம் காணும். யூடியூப் விரிவுரை வேண்டாம், அதைப் பார்த்தால் எல்லாம் விளங்கியதுபோலத்தான் இருக்கும். பயிற்சிக் கணக்குகளைச் செய்யுங்கள். எத்தனை சரி என்று எண்ணாதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது எந்தக் கணக்கு கூட வந்தது என்று மட்டும் கவனியுங்கள்.

அல்ஜீப்ராதான் என்று முடிவானால் ஓர் எச்சரிக்கை. நீங்கள் படித்த கல்வா கோட்பாட்டின் மூலக் கருத்து 1832இல் இறந்துபோன ஓர் இருபது வயதுப் பெடியனுடையது. இன்றைய எண் கோட்பாட்டிலோ அல்ஜீப்ரேயிக் ஜியோமெட்ரியிலோ ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி என்ன கேட்கிறது என்று விளங்கவே ஒன்றிரண்டு வருடம் படிக்கவேண்டும். அந்தக் காலத்தில் கையில் காட்ட ஒன்றும் இருக்காது, கூடப் படித்தவர்கள் கட்டுரை வெளியிட்டுக்கொண்டு இருப்பார்கள். சிலருக்கு அந்தக் காத்திருப்பு இனிக்கும், சிலரை உடைத்துவிடும். கிராப் தியரி, கொம்பினேற்றோரிக்ஸ் இதற்கு எதிர்ப்பக்கம். கேள்வி ஒரு கிழமையில் விளங்கும், ஆனால் உங்களுக்கு விளங்கிய அதே கிழமையில் உலகம் முழுவதும் இன்னும் பலருக்கும் விளங்கியிருக்கும்.

கிளைகளுக்கிடையே உள்ள வேலிகள் வெளியிலிருந்து பார்ப்பதுபோல உயரமானவை அல்ல. எட்டுப் பரிமாணத்தில் கோளங்களை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்பது ஜியோமெட்ரிக் கேள்வி. உக்ரேனைச் சேர்ந்த மரீனா வியசோவ்ஸ்கா 2016இல் அதைத் தீர்த்தது எண் கோட்பாட்டுக்காரர் பாவிக்கும் மொடியுலர் வடிவங்களை வைத்து. 2022இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. எங்கள் ஆட்களில் சி. ஜே. எலியேசரைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் குவாண்டம் இயற்பியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்தவர், இலத்திரனின் இயக்கச் சமன்பாட்டில் வேலை செய்தவர், கொழும்பிலும் மலாயாவிலும் மெல்பேர்ணிலும் கணிதப் பேராசிரியர். அவர் செய்தது கணிதமா இயற்பியலா என்று பிரிக்கப் போனால் நேரம்தான் வீணாகும்.

இறுதியாண்டு ஆய்வு. புளூயிட் டைனமிக்ஸ் ஆசிரியரோடு செய்யுங்கள் என்பதுதான் என் பதில், உங்களுக்கு அல்ஜீப்ரா பிடித்திருந்தாலும் கூட. காரணம் சிபாரிசுக் கடிதம். பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். 'கெட்டிக்காரி, ஒழுக்கமானவள், முதல் வகுப்பு வருவாள்' என்று எழுதும் கடிதத்தை வாசிப்பவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். 'இன்ன இடத்தில் என்னுடைய வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று இவள்தான் வந்து காட்டினாள்' என்று ஒரு வரி இருந்தால் அங்கே நிற்பார். அந்த வரியை எழுத, உங்களோடு ஒவ்வொரு கிழமையும் இருந்து மினக்கெடும் ஒருவர் வேண்டும். லீவில் போய் வேறு நேர வலயத்தில் தன் சொந்தப் படிப்போடு அல்லாடும் ஒருவரால் அது ஏலாது, அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். ஆனால் தலைப்பைக் கேட்கும்போது கோட்பாட்டுப் பக்கமாகக் கேளுங்கள்: தீர்வின் இருப்பு, ஒருமை, உறுதிநிலை. நிறுவல் எழுதத் தெரியும் என்பதற்கு அது சாட்சியாக இருக்கும், எந்தக் கிளைக்கு விண்ணப்பித்தாலும் உதவும். அல்ஜீப்ரா ஆசிரியரிடம் மாதம் ஒருக்கால் ஸூமில் கதைக்கக் கேட்டு வையுங்கள், இரண்டாவது கடிதம் அவருடையதாக இருக்கட்டும்.

அப்பாவின் கேள்வி நியாயமானது, அதற்கு மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். புள்ளிவிபரவியலில் பிஎச்.டி. எடுத்தவருக்கு வேலை சுலபம். தூய கணிதத்தில் எடுத்தவருக்குப் பல்கலைக்கழகத்துக்குள் நிரந்தர வேலை எங்கேயும் நெருக்கடிதான், வெளியே வேலை இருக்கிறது, ஆனால் புரோகிராமிங் தெரிந்தால்தான். பைதன் படியுங்கள். சேர்ட்டிபிக்கேற் சேர்ப்பதற்காக வேண்டாம். உங்கள் புளூயிட் ஆய்வின் கணக்கையே அதில் போட்டுப் பாருங்கள். மாமா சொல்லும் ஏஐக்குள் இருப்பதும் லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, உத்தமப்படுத்தல்தான். அவற்றை நிறுவலோடு படித்தவர் அந்தப் பக்கம் போவது, டேட்டா சயன்ஸ் மட்டும் படித்தவர் பிறகு கணிதத்துக்கு வருவதைவிட எவ்வளவோ இலகு. நான் மெஷர் தியரியோடு நிகழ்தகவைப் படித்துப் பார்க்கச் சொன்னதற்கும் இதுதான் காரணம். அது இரண்டு பக்கமும் திறக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். திரும்பி வரும் எண்ணம் உண்டா? இருந்தால், கிளையைத் தெரிவு செய்யும்போது அதையும் கணக்கில் எடுங்கள். சில துறைகளை ஊருக்குக் கொண்டு வரலாம். வகையீட்டுச் சமன்பாடு, கொம்பினேற்றோரிக்ஸ், பிரயோகப் புள்ளிவிபரவியல் போன்றவற்றில் நல்ல இணைய இணைப்பும், வெளியே ஒன்றிரண்டு கூட்டாளிகளும், இங்கே ஆர்வமுள்ள இரண்டு மாணவரும் இருந்தால் ஆய்வு ஓடும். இன்னும் சில துறைகள் பேச்சில் வாழ்பவை. பக்கத்து அறைக்காரரிடம் போய்க் கேட்டால் பத்து நிமிடத்தில் தீரும் சந்தேகம், தனியே இருந்தால் மூன்று மாதம் எடுக்கும். அல்ஜீப்ரேயிக் ஜியோமெட்ரியில் பட்டம் எடுத்துவிட்டு, அதைக் கதைக்க ஓர் ஆள் இல்லாமல் முதலாம் ஆண்டுக்கு நுண்கணிதம் படிப்பித்துக்கொண்டு வாடிப்போகிறவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியான துறையை எடுத்தால், திரும்பி வரமுன்பே கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

மேற்பார்வையாளரைத் தேடும்போது புகழைப் பார்க்காதீர்கள். ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாக வாசிக்கக்கூடிய ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் அவருடைய கடைசி மூன்று வருடக் கட்டுரைகளை எடுத்து முன்னுரைகளை மட்டும் வாசியுங்கள். அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே என்று தேடுங்கள். இப்போது இருக்கும் மாணவர் ஒருவருக்கு எழுதி, ஆள் கிழமைக்கு ஒருக்கால் என்றாலும் சந்திப்பாரா என்று கேளுங்கள். 'மதிப்புக்குரிய ஐயா, உங்கள் துறையில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று நாற்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவது எங்கள் பிள்ளைகளின் பெரிய வியாதி. அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு விளங்காத ஒரு படியைக் கேட்டு நாலு வரி எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூட.

டொப்பொலொஜியில் சி. அனலிசிஸ் பக்கமோ ஜியோமெட்ரி பக்கமோ போவதென்றால் பார்ப்பார்கள்தான். புள்ளிவிபரவியலுக்குப் போவதென்றால் பெரிதாகக் கவனிக்கமாட்டார்கள். விண்ணப்பக் கட்டுரையில் அதற்கு விளக்கம் எழுதி அழவேண்டாம், அதை மறைக்கும் வேலையும் ஆகாது. இறுதியாண்டில் அதைத் தொட்டுச் செல்லும் பாடம் ஒன்றை, பங்ஷனல் அனலிசிஸ் இருந்தால் அதை, எடுத்து நல்ல புள்ளி வாங்குங்கள், பதில் அதுவாக இருக்கட்டும். அமெரிக்கப் பட்டமேற்படிப்பு அனுமதிக்கான ஜிஆர்ஈ (GRE) கணிதப் பாடப் பரீட்சையை இப்போது பல துறைகள் கேட்பதில்லை, ஆனால் அனுப்பினால் பார்க்கிற துறைகள் இருக்கின்றன. 2 மணி 50 நிமிடம், ஏறக்குறைய அரைவாசி நுண்கணிதம், கால்வாசி அல்ஜீப்ரா, மிச்சக் கால்வாசிக்குள்தான் டொப்பொலொஜி உட்பட மற்றதெல்லாம். இணைந்த கணிதத்தில் வளர்ந்த கைக்கு முதல் அரைவாசி பயப்படும் விஷயமே இல்லை. அமெரிக்க விண்ணப்பங்கள் மார்கழி, தை மாதங்களில் முடிவதால் செப்டெம்பர் அல்லது ஒக்டோபர் பரீட்சைக்குப் பதிந்தால் பெறுபேறு நேரத்துக்கு வந்துவிடும். கட்டணம் கட்டமுன், நீங்கள் விண்ணப்பிக்கும் துறைகளில் எத்தனை அதைப் பார்க்கின்றன என்று ஒருக்கால் எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அந்தக் காசை விண்ணப்பக் கட்டணத்துக்கு வையுங்கள்.